பொய்க் கருவியும் மெய் உயிரும்

நுழையும்முன்

கண்ணுக்கு மெய்யெனத் தோன்றும் ஒரு பொய்யைப் படைத்துக் காட்டுவது நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் இயல்பு. அப்பொய்யைப் படைக்கும் முயற்சியில் மெய்யான உயிர் ஒன்று போகுமானால், அதனைக் கலைக்குக் கொடுத்த விலை என்று நாம் ஏற்கலாமா? சண்டைப் படங்களில் இடம்பெறும் ஆயுதங்களையும் போர் ஊர்திகளையும் முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை. இதில் சொல்லப்படும் கருத்தை ஏற்கவும் மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. எதைச் செய்தாலும் காரணம் காட்டிச் செய்யுங்கள்.

ஒரு மாணவரின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் மேல்நிலை வகுப்பு ஒன்றில் நாடகக் கலையைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, போர்ப் படத்துல வர்ற டாங்கி, துப்பாக்கி எல்லாம் உண்மையானதாங்க ஐயா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். "எல்லாம் போலிதானப்பா, உட்கார்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அந்த விடை பாதி தவறு என்பதைப் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். நான் சொன்னது டாங்கிகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும்; துப்பாக்கிகளுக்குப் பொருந்தாது. இந்த வேறுபாடு சிறியதன்று. சில மனிதர்களின் சாவுக்கு இதுவே காரணமாக இருந்திருக்கிறது. அம்மாணவருக்கு அன்று நான் தந்திருக்க வேண்டிய விடையை இப்போது எழுதுகிறேன்.

மரவாளும் மாய யானையும்

நம் தெருக்கூத்தில் அருச்சுனன் ஏந்தும் வில்லும் வீமன் சுழற்றும் கதாயுதமும் மரத்தால் ஆனவை. தலையில் அணியும் கிரீடமும் தோளில் பூட்டும் புஜக்கீர்த்தியும் இலேசான மரத்தில் செதுக்கப்பட்டு, வண்ணம் தீட்டப்பட்டு, கண்ணாடிச் சில்லுகள் பதிக்கப்பட்டவை. திரௌபதியம்மன் திருவிழாவின் இறுதியில் நடைபெறும் படுகளத்தில் துரியோதனன் மண்ணால் செய்த பேருருவாகக் கிடக்கிறான். வீமன் வேடமிட்டவர் அம்மண்ணுருவின் தொடையில் அடிக்கிறார். அது மண் என்பதும் கதாயுதம் மரம் என்பதும் சுற்றி நிற்கும் ஊரார் அனைவருக்கும் தெரியும். ஆயினும் அந்த அடி விழும்போது கூட்டம் கலங்குகிறது. காண்போரின் மனத்தை அசைப்பதற்கு ஆயுதம் மெய்யாக இருக்க வேண்டியதில்லை என்பதை நம் ஊர்க் கூத்துக் கலைஞர்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள்.

போலிப் போர் ஊர்தியும் நமக்குப் புதியதன்று. உதயணன் கதையை அறிந்தவர்கள் பிரச்சோதனன் அனுப்பிய யானைப் பொறியை மறந்திருக்கமாட்டார்கள். உள்ளே வீரர்களை மறைத்து, வெளியே காட்டு யானையைப் போலச் செய்யப்பட்ட அப்பொறியைக் கண்டு மயங்கியே யாழில் வல்ல உதயணன் சிறைப்பட்டான். கதையில் வந்த இந்த உத்தியை இருபதாம் நூற்றாண்டின் போர்க்களங்களும் கையாண்டன. 1942ஆம் ஆண்டு எகிப்தின் எல் அலமைன் போருக்கு முன்னர், ஆங்கிலேயப் படையினர் தங்கள் டாங்கிகளின்மேல் துணியாலும் சட்டங்களாலும் ஆன கூடுகளைக் கவிழ்த்து, அவற்றைச் சரக்கு வண்டிகளைப் போலத் தோன்றச் செய்தனர். வேறோரிடத்தில் போலி டாங்கிகளை நிறுத்திப் பகைவரின் கவனத்தைத் திருப்பினர். அப்பணிக்குத் தலைமை தாங்கிய ஜெஃப்ரி பார்க்கஸ் போருக்கு முன் திரைப்பட இயக்குநராக இருந்தவர். 1944இல் ஐரோப்பாவில் இயங்கிய அமெரிக்காவின் 'பேய்ப்படை', காற்றடைத்த ரப்பர் டாங்கிகளையும் ஒலிபெருக்கிகளையும் கொண்டு, இல்லாத படையை இருப்பதாகக் காட்டியது. சுமார் 1,100 பேர் கொண்ட அப்படையில் ஓவியர்களும் ஒலிக் கலைஞர்களும் இருந்தனர்.

இவற்றை நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. போலியைச் செய்வது இழிவான வேலை என்றும் உண்மைப் பொருளைக் கொண்டுவந்து நிறுத்துவதே சிறந்த கலை என்றும் ஓர் எண்ணம் நிலவுகிறது. அது சரியன்று. நன்கு செய்யப்பட்ட போலிக்குப் பின்னால் அறிவும் உழைப்பும் இருக்கின்றன.

வேடமிட்ட ஊர்திகள்

இரண்டாம் உலகப்போரில் செருமானியர் பயன்படுத்திய டைகர் வகை டாங்கியை எடுத்துக்கொள்வோம். சுமார் 57 டன் எடை கொண்ட இந்த டாங்கிகள் 1,300க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. போர் முடிந்தபின் எஞ்சியவை மிகச் சில. அவற்றுள்ளும் இன்று தானே ஓடக்கூடிய நிலையில் இருப்பது இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் உள்ள 'டைகர் 131' ஒன்றுதான். 1943இல் துனீசியாவில் கைப்பற்றப்பட்ட அந்த ஊர்தி 2014இல் வெளிவந்த 'ஃபியூரி' படத்தில் இடம்பெற்றது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் திரையில் நாம் கண்ட டைகர்களின் நிலை என்ன?

அவை வேடமிட்டவை. 1970இல் வெளிவந்த 'கெல்லிஸ் ஹீரோஸ்' படம் யுகோசுலாவியாவில் எடுக்கப்பட்டது. அந்நாட்டுப் படையிடம் இருந்த சோவியத் தயாரிப்பான டி-34 டாங்கிகளின்மேல் புதிய தகடுகளைப் பொருத்தி அவற்றை டைகர்களாக மாற்றினார்கள். 1998இல் வந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தின் டைகர்களும் டி-34இன் உடல்மேல் கட்டப்பட்டவையே. கூர்ந்து நோக்குவோர் இதனைச் சக்கரங்களைக் கொண்டே கண்டுபிடித்துவிடுவர். உண்மையான டைகரின் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பின்னியவை போல அமைந்திருக்கும். டி-34இல் ஐந்து பெரிய சக்கரங்கள் தனித்தனியாக நிற்கும். மேலாடையை மாற்றலாம், காலை மாற்றுவது கடினம்.

வானூர்திகளின் கதை இன்னும் சுவையானது. 1969இல் வெளிவந்த 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' படத்துக்குச் செருமானிய மெசர்ஸ்மிட் போர் வானூர்திகள் தேவைப்பட்டன. ஸ்பெயின் நாட்டில் அதே வடிவத்தை ஒட்டிச் செய்யப்பட்டுப் பயன்பாட்டில் இருந்த வானூர்திகள் கிடைத்தன. அவற்றின் பொறி ஆங்கிலேயரின் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின். எதிரே பறந்த ஆங்கிலேய ஸ்பிட்ஃபயரும் மெர்லின் பொறிக்குப் புகழ்பெற்றது. பகைவர் இருவரும் ஒரே குடும்பத்துப் பொறியால் பறந்து வானில் மோதினர்! மறு ஆண்டு வந்த 'தோரா! தோரா! தோரா!' படத்தில் சப்பானியரின் சீரோ வானூர்திகளாகத் தோன்றியவை அமெரிக்கப் பயிற்சி வானூர்திகள். 'பேட்டன்' படத்திலோ அமெரிக்க டாங்கிகள், செருமானிய டாங்கிகள் ஆகிய இரண்டுக்கும் ஸ்பெயின் படையிடமிருந்த பிற்கால அமெரிக்க டாங்கிகளையே பயன்படுத்தினார்கள். எந்தத் தளபதியின் வரலாற்றை அப்படம் சொன்னதோ, அவருடைய பெயரையே அந்த டாங்கி வகை தாங்கியிருந்தது.

இந்தப் படங்கள் எவையும் போலி ஊர்திகளால் தோல்வியடையவில்லை. சக்கரத்தை எண்ணிப் பார்த்துக் குறை சொன்னோர் சிலர். பெரும்பான்மையோர் கதை மாந்தருக்காக அஞ்சினர், அவர்களோடு வருந்தினர். இது நாம் மனத்தில் இருத்த வேண்டிய முதல் உண்மை.

துப்பாக்கி மட்டும் ஏன் வேறு?

டாங்கி அரிது, விலை மிக்கது. ஆகவே போலி செய்கிறார்கள். துப்பாக்கியோ உலகின் பல நாடுகளில் எளிதாகக் கிடைக்கிறது. போலி செய்வதைவிட உண்மையை வாங்குவது சில வேளைகளில் மலிவாகவும் இருக்கிறது. ஆயுத வணிகரைப் பற்றிய 'லார்ட் ஆஃப் வார்' என்னும் படத்துக்கு ஆயிரக்கணக்கான உண்மைத் துப்பாக்கிகளைத் திரட்டியதாகவும், அவை போலிகளைவிட மலிவாகக் கிடைத்ததாகவும் அதன் இயக்குநர் ஆண்ட்ரூ நிக்கோல் கூறியுள்ளார். கொல்லும் கருவி அதன் பொம்மையைவிட மலிவாகக் கிடைக்கும் உலகில் நாம் வாழ்கிறோம்.

அமெரிக்கப் படப்பிடிப்புத் தளங்களில் நெடுங்காலம் பயன்பட்டுவந்த துப்பாக்கிகளில் கணிசமானவை உண்மையானவை. அவற்றுக்குள் இடப்படும் தோட்டா மட்டுமே வேறு. ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு: பறந்து செல்லும் குண்டு, அதனைத் தள்ளும் வெடிமருந்து, வெடிமருந்தைப் பற்றவைக்கும் தீமூட்டி, இவற்றைத் தாங்கும் உலோகக் கூடு. படப்பிடிப்பில் இருவகைத் தோட்டாக்களைப் பயன்படுத்துவர். முதல்வகை வெற்றுத் தோட்டா. இதில் குண்டு இராது. வெடிமருந்தும் தீமூட்டியும் இருக்கும். சுட்டால் ஒலியும் தீப்பிழம்பும் தோன்றும். இரண்டாம் வகை போலித் தோட்டா. இதில் குண்டு இருக்கும். வெடிமருந்தும் செயல்படும் தீமூட்டியும் இருத்தல் கூடாது. சுழல் துப்பாக்கியை அண்மைக் காட்சியில் காட்டும்போது அறைகளில் குண்டுகளின் முனை தெரிய வேண்டும் என்பதற்காக இதனை இடுவர்.

மூன்றாவதாக உயிருள்ள தோட்டா உண்டு. அது படப்பிடிப்புத் தளத்துக்குள்ளேயே வரக் கூடாது என்பது ஹாலிவுட் படத்துறையின் பாதுகாப்பு நெறிகளுள் முதன்மையானது. மூன்றும் ஒரே துப்பாக்கிக்குள் பொருந்துகின்றன என்பதே இதிலுள்ள ஆபத்து. சற்றுத் தொலைவில் நிற்பவருக்கு வேறுபாடு தெரியாது. வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே நிற்பது அதைக் கையாளும் ஒருவரின் கவனம் மட்டுமே.

கவனம் தவறிய பொழுதுகள்

1984ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பில் ஜான் எரிக் ஹெக்சம் என்னும் 26 வயது நடிகர் அடுத்த காட்சிக்காகக் காத்திருந்தார். கையில் வெற்றுத் தோட்டா இட்ட துப்பாக்கி. விளையாட்டாக அதனைத் தம் நெற்றிப்பொட்டில் வைத்து விசையை அழுத்தினார். குண்டு இல்லை என்பது உண்மைதான். ஆனால், வெடிமருந்தை அடைத்து வைக்கும் தக்கையும் அதனோடு பாய்ந்த வெடிவளியும் மண்டையோட்டை உடைக்கப் போதுமானவையாக இருந்தன. ஆறு நாள்களுக்குப்பின் அவர் இறந்தார். வெற்றுத் தோட்டா என்பதிலுள்ள 'வெற்று' என்னும் சொல் அவரை ஏமாற்றிவிட்டது.

1993ஆம் ஆண்டு மார்ச் 31. புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ 'தி குரோ' படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். அண்மைக் காட்சி ஒன்றுக்காக, உண்மைத் தோட்டாக்களிலிருந்து வெடிமருந்தை நீக்கிப் போலித் தோட்டாக்கள் தயாரிக்கப்பட்டிருந்தன. ஆனால், தீமூட்டி நீக்கப்படவில்லை. எப்போதோ விசை அழுத்தப்பட்டபோது, தீமூட்டியின் சிறு ஆற்றல் ஒரு குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவில் சிக்கவைத்துவிட்டது. அதை எவரும் கவனிக்கவில்லை. பிறகு அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா இடப்பட்டது. காட்சிப்படி எதிர் நடிகர் சுட்டார். வெற்றுத் தோட்டாவின் ஆற்றல் குழலில் கிடந்த குண்டைச் செலுத்தியது. இருவேறு நாள்களின் இரண்டு சிறு தவறுகள் கூடி ஒரு முழுத் தோட்டா ஆயின. 28 வயதில் பிராண்டன் லீ உயிரிழந்தார்.

2021ஆம் ஆண்டு அக்டோபர் 21. நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' என்னும் படத்தின் ஒத்திகை. இத்துப்பாக்கியால் தீங்கில்லை என்று உரக்க அறிவித்து, முதன்மை நடிகரிடம் அது கொடுக்கப்பட்டது. அதில் உயிருள்ள தோட்டா இருந்தது. குண்டு, உக்ரைனில் பிறந்த ஒளிப்பதிவாளர் ஹலைனா ஹட்சின்ஸின் உடலைத் துளைத்து, அருகிலிருந்த இயக்குநரின் தோளையும் தாக்கியது. ஹட்சின்ஸ் இறந்தார், அவருக்கு வயது 42. அப்படத்தின் ஒளிப்பதிவுப் பணியாளர் சிலர், பணிச்சூழலையும் பாதுகாப்புக் குறைகளையும் சுட்டிக்காட்டி, அந்நிகழ்ச்சிக்குச் சற்று முன்னர்தான் பணியிலிருந்து விலகியிருந்தனர். ஆயுதப் பொறுப்பாளருக்கு 2024இல் 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நடிகர்மீதான வழக்கைச் சான்றுகளை மறைத்த குறையால் நீதிபதி தள்ளுபடி செய்தார். ஒளிப்பதிவாளரின் மகன் தாயின்றி வளர்கிறான்.

ஊர்திகளும் எப்போதும் தீங்கற்றவையாக இருந்ததில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1982 சூலையில் ஒரு படத்துக்காக வியட்நாம் போர்க் காட்சி எடுக்கப்பட்டபோது, வெடிப்புகளுக்கு நடுவே தாழப் பறந்த உண்மை உலங்கூர்தி நிலைகுலைந்து விழுந்தது. நடிகர் விக் மாரோவும் சிறுவர் இருவரும் உயிரிழந்தனர். அச்சிறுவர்களை இரவு வேளையில் பணியமர்த்தியதே சட்டத்துக்குப் புறம்பானது. நம் ஊரும் இதற்கு விலக்கன்று. 2020 பிப்ரவரியில் சென்னை அருகே ஒரு படப்பிடிப்புத் தளத்தில் பாரந்தூக்கி சரிந்து மூவர் உயிரிழந்தனர். ஆயுதமே இல்லாத தளத்திலும் பாதுகாப்பு தவறினால் விளைவு ஒன்றே.

விதிகள் போதாவா?

நான் முன்வைக்கும் கருத்து இதுதான்: குண்டைச் செலுத்த வல்ல எந்தத் துப்பாக்கியும் படப்பிடிப்புத் தளத்துக்குள் நுழையக் கூடாது. இதற்கு வலிமையான மறுப்புகள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் மறுப்பு நடிப்பைப் பற்றியது. "உண்மைத் துப்பாக்கியின் ஒலியும் பின்னுதைப்பும் நடிகரின் முகத்தில் கொண்டுவரும் அதிர்ச்சியை ரப்பர் பொம்மை கொண்டுவராது" என்பர். இதில் உண்மை இருக்கிறது. ஆனால், இன்று காற்றழுத்தத்தால் இயங்கிக் கையில் உதைப்பைத் தரும் போலிகள் இருக்கின்றன; தீப்பிழம்பைக் கணினியில் சேர்க்கலாம். 'தி ரூக்கி' என்னும் தொலைக்காட்சித் தொடரின் குழுவினர் 2021இல் இம்முறைக்கு மாறுவதாக அறிவித்தனர். நடிகர் டுவைன் ஜான்சன், தம் நிறுவனத்தின் படங்களில் இனி உண்மைத் துப்பாக்கிகள் இடம்பெறா என்று அதே ஆண்டில் உறுதியளித்தார். மேலும், சாவை நடிப்பவர் சாவதில்லை. பசியை நடிப்பவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. துப்பாக்கியின் உதைப்பை மட்டும் நடிக்க இயலாது என்றால், அது நடிகரின் திறமைக்கு நாம் தரும் மதிப்பாகாது.

இரண்டாம் மறுப்பு செலவைப் பற்றியது. கணினி வரைகலைக்குச் சிறு தயாரிப்பாளரால் பணம் செலவிட முடியாது என்பர். இதனை நான் எளிதாகத் தள்ளவில்லை. ஆயினும், பணம் குறைவான தளத்தில்தான் ஆள்களும் குறைவு, நேரமும் குறைவு, அவசரம் மிகுதி. அங்கேதான் உண்மைத் துப்பாக்கி மிகவும் ஆபத்தானது. தொழில் சங்கங்கள் தரமான போலிகளைப் பொதுவில் வைத்துக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம். ஆயுதப் பொறுப்பாளரின் தொழில் இதனால் அழியாது. போலியைச் செய்யவும் பழுதுபார்க்கவும் நடிகருக்குப் பிடிக்கும் முறையைக் கற்றுத்தரவும் அவரே வேண்டும்.

மூன்றாம் மறுப்பே வலிமை மிக்கது. "ஆயிரக்கணக்கான படங்கள் உண்மைத் துப்பாக்கிகளோடு தீங்கின்றி எடுக்கப்பட்டுள்ளன. விதிகளைப் பின்பற்றினால் போதும். துப்பாக்கியை ஏன் விலக்க வேண்டும்?" என்பது அது. இதற்கு விடைகூற, நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும்.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்கு வரலாற்று நாடகம் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தோம். நானே பொறுப்பாசிரியர். வாள்கள் அட்டையில்தான் செய்யப்பட வேண்டும் என்று முதல் நாளே விதி வகுத்தேன். ஒத்திகை நாளன்று ஒரு மாணவரின் அட்டை வாள் மடிந்து போயிற்று. அவர் வீட்டிலிருந்த பழைய இரும்புக் கத்தி ஒன்றுக்கு வெள்ளித்தாள் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். மற்ற வாள்களும் வெள்ளித்தாள் சுற்றியவையே. ஆகவே வேறுபாடு தெரியவில்லை. நான் மேடைத் திரை சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாள் வீச்சில் எதிரே நின்ற மாணவரின் முன்கை கீறியது. இரண்டு தையல் போடவேண்டியிருந்தது. அவர் நலமடைந்தார். அவருடைய தாயார் என்னிடம் கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. "நீங்க இருக்கீங்கன்னுதான் சார் அனுப்பினேன்" என்று மட்டும் சொன்னார்கள். இன்றுவரை அச்சொல் என் காதில் இருக்கிறது.

விதி இருந்தது, விதியை வகுத்தவனும் அங்கேயே இருந்தேன். கவனம் இல்லை. கவனம் என்பது களைப்பாலும் அவசரத்தாலும் வேறு பணிகளாலும் குறைந்துவிடக்கூடியது. நான் சொன்ன மூன்று துப்பாக்கி நிகழ்வுகளிலும் மனிதரின் கவனமே கடைசி அரணாக இருந்தது. அது எந்நேரமும் விழித்திருக்கவில்லை. அதனால்தான் தொழிற்கூடப் பாதுகாப்பில் ஆபத்தைக் காவல் காப்பதைவிட ஆபத்தையே அகற்றுவதை முதற்படியாக வைக்கிறார்கள். மேடையில் இரும்பே இல்லையென்றால், ஆசிரியர் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாலும் கை கீறப்படாது.

அகற்ற இயலாதவையும் உண்டு. வேடமிட்ட டாங்கியும் பல டன் எடை கொண்டதே. அதன் வேடம் போலியானாலும் எடை மெய். அத்தகைய இடங்களில் வேறோர் ஏற்பாடு தேவை. 'நிறுத்துங்கள்' என்று சொல்லும் உரிமை தளத்திலுள்ள கடைநிலைப் பணியாளருக்கும் இருக்க வேண்டும். அவ்வாறு சொன்னதற்காக அவருடைய வேலை போகாது என்னும் உறுதியும் வேண்டும்.

திரை காட்டாத கணக்கு

திரையில் உண்மைத் துப்பாக்கியை வைத்தால் உண்மை கிடைக்கும் என்போர், திரை சொல்லும் மற்றப் பொய்களைக் கவனிப்பதில்லை. ஏகே-47 துப்பாக்கி நிமிடத்துக்கு 600 தோட்டாக்கள் என்னும் வேகத்தில் சுடக்கூடியது. அதாவது, நொடிக்கு 10. அதன் வழக்கமான தோட்டாப் பெட்டியில் 30 தோட்டாக்கள் இருக்கும். விசையை விடாமல் அழுத்தினால் மூன்றே நொடியில் பெட்டி காலியாகிவிடும். திரையில் நாயகன் ஒரு பாட்டு முடியும் நேரம் சுடுகிறான். மகிழுந்தின் கதவுக்குப் பின்னால் ஒளிந்து உயிர் தப்புகிறான். உண்மையில் அந்த மெல்லிய தகட்டை நீள்துப்பாக்கியின் குண்டு துளைத்துச் சென்றுவிடும். தோளில் குண்டு பாய்ந்தவன் அடுத்த காட்சியில் அதே கையால் அடிக்கிறான். மெய்யாகவே தோளில் பாய்ந்த குண்டு எலும்பையும் நரம்பையும் சிதைத்து, வாழ்நாள் முழுவதும் கையை முடக்கிவிடக்கூடும்.

ஆகவே இரும்பு மெய்யாக இருந்தும் காட்சி பொய்யாகவே இருக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டையும் இடம் மாற்றச் சொல்வேன்: கருவி பொய்யாக இருக்கட்டும், விளைவு மெய்யாக இருக்கட்டும். ஒரு குண்டு ஓர் உடலையும் ஒரு குடும்பத்தையும் என்ன செய்யும் என்பதை மறைக்காத படத்தில் மரத்துப்பாக்கி இருந்தாலும் அது உண்மைப் படமே.

புறநானூற்றின் 95ஆம் பாடல் உங்களுக்கு நினைவிருக்கலாம். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசிப் பளபளத்த ஆயுதங்களை ஔவையார் கண்டார். அதியமானின் ஆயுதங்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகக் கூறினார். ஆயுதத்தின் அழகில் மயங்கிப் போரில் இறங்க நினைத்தவனுக்கு, ஆயுதத்தின் வேலை எத்தகையது என்பதை அவர் நினைவூட்டினார். இன்றைய திரை பெரும்பாலும் தொண்டைமானின் கொட்டிலாகவே இருக்கிறது. பளபளப்பைக் காட்டுகிறது; முறிவைக் காட்டுவதில்லை.

தளத்துக்கு வெளியே

போலி ஆயுதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. படப்பிடிப்புத் தளத்தில் உயிரைக் காக்கும் அதே போலி, தெருவில் உயிரைப் பறிக்கக்கூடும். 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் பொம்மைத் துப்பாக்கி ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். பொம்மை என்பதை அறிவிக்க அதன் முனையில் இருந்திருக்க வேண்டிய ஆரஞ்சு நிற அடையாளம் இல்லை. தகவல் கேட்டு வந்த காவலர், வண்டி நின்ற இரண்டு நொடிகளுக்குள் சுட்டார். மறுநாள் சிறுவன் இறந்தான். காவலரின் அவசரத்தைப் பற்றி அந்நாட்டில் எழுந்த கேள்விகள் நியாயமானவை. அவற்றோடு, மெய்யைப் போலவே செய்யப்பட்ட பொம்மை தன்னை விளக்கிக்கொள்ள நேரம் கேட்க முடியாது என்பதையும் நாம் எண்ண வேண்டும்.

கைப்பேசியில் சிறு காணொலிகள் எடுக்கும் பழக்கம் உங்களிடையே பெருகியிருக்கிறது. அதில் தவறில்லை, நல்ல நடிகர்களும் இயக்குநர்களும் உங்களிலிருந்து வர வேண்டும். ஆனால், அரிவாளோ துப்பாக்கியைப் போன்ற பொருளோ கையில் எடுக்கும்முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது ஒருவரைக் காயப்படுத்தக்கூடியதா? நடப்பது நடிப்பு என்பது எதிரே வரும் அறிமுகமற்றவருக்குத் தெரியுமா? 'வேண்டாம்' என்று உங்கள் குழுவில் ஒருவர் சொன்னால் மற்றவர்கள் நிறுத்துவார்களா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைக்காவிட்டால் காட்சியை மாற்றி எழுதுங்கள். மாற்றி எழுதத் தெரிந்தவரே எழுத்தாளர்.

கடைசி வரிசையில் அமர்ந்து என்னிடம் கேள்வி கேட்ட அம்மாணவர் இப்போது எங்கிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இப்பாடம் அவர் கண்ணில் பட்டால், அன்று சொல்லாமல் விட்டதை இன்று சொல்கிறேன். தம்பி, அந்த டாங்கி வேறொன்றின்மேல் போர்த்திய வேடம். அதைச் செய்த கைகளை மதிக்க வேண்டும். துப்பாக்கி பல நேரங்களில் உண்மையானது. அது அவ்வாறு இருக்க வேண்டியதில்லை. நீ கேட்டது சிரிப்பதற்குரிய கேள்வியன்று. படப்பிடிப்புத் தளங்களில் ஒருவரேனும் அதனை உரிய நேரத்தில் கேட்டு, திறந்து பார்த்திருந்தால், சிலர் இன்றும் உயிரோடு இருந்திருப்பர்.